அப்பன் சொன்ன ரத்தம், மகன் கண்ட மாத்திரை

1

நாலு வருசத்துக்கு முன்னால் என் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முதுகின் கீழ்ப்பகுதியில் எலும்பு மூடவில்லை. அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் தோல் புடைத்திருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஊரிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

டாக்டர் கேட்டார்: “சொந்தத்துல கட்டினதாம்மா?” நர்ஸ் கேட்டார்: “சத்து மாத்திரைய ஒழுங்கா முழுங்கினியா, தூக்கிப் போட்டியா?” பக்கத்துக் கட்டில் கிழவி கேட்டாள்: “கெரகணத்தப்ப வெளிய கிளிய வந்தியா தாயி?” மாமியார் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை: “எங்க பக்கம் ஏழு தலமுறைக்கு இப்படி ஒண்ணு பொறந்ததில்ல.”

இந்த நாலு பேரையும் நாம் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுவோம். டாக்டரும் நர்சும் அறிவியல், கிழவியும் மாமியாரும் மூடநம்பிக்கை. எனக்கும் அப்படிப் பிரித்துப் பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது வேறொன்று உறைத்தது. நாலுக்கும் இலக்கணம் ஒன்றுதான். முன்னிலை, ஒருமை, இறந்தகாலம். ‘நீ’ என்ன செய்தாய், ‘நீ’ என்ன செய்யத் தவறினாய், ‘உன்’ பக்கத்தில் என்ன இருந்தது. தையல் போட்ட வலியோடு படுத்திருந்த உடம்பைப் பார்த்தே நாலும் பேசப்பட்டன. குழந்தையின் தகப்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவனிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

பிறவிக் குறை என்று நாம் சொல்லுகிற ஒன்றுக்குக் காரணம் தேடுவது தவறல்ல. தேடினால்தான் தடுக்க முடிவதைத் தடுக்கலாம். ஆனால் காரணம் தேடும் கேள்வி எப்போது குற்றவிசாரணையாக மாறுகிறது? அந்த விசாரணைக் கூண்டில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப நிறுத்தப்படுவது ஏன்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு சில இடங்களில் உடைந்தும் இருக்கிறது. உடைந்த இடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

2

பட்டியல் போடுவது பழைய பழக்கம். புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்லும்போது எட்டு வகைக் குறையுள்ள பிறவிகளை அடுக்குகிறார். பார்வையற்றவர், கூனர், குள்ளர், வாய்பேசாதவர், காதுகேளாதவர் எனப் போகும் அந்த அடுக்குக்கு அவர் தரும் பொதுப்பெயர் ‘எச்சம்’. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டு யார்மீதும் காரணம் சுமத்துவதில்லை. அப்படிப் பிறந்தால் அறம் பொருள் இன்பம் கிடைக்காது என்கிற இழிபார்வை இருக்கிறது. ஆனால் குற்றப்பத்திரிகை இல்லை.

குற்றப்பத்திரிகையை மனுவில் பார்க்கலாம். பதினோராம் அத்தியாயத்தில் போன பிறவிக் குற்றமும் இந்தப் பிறவி உடம்பும் கணக்குப்பிள்ளை ஏடு மாதிரி எதிரெதிரே எழுதப்பட்டிருக்கின்றன. விளக்கைத் திருடியவன் குருடனாகிறான். தானியத்தைத் திருடியவன் உறுப்புக் குறைகிறான். தானியத்தைத் திருடுபவன் யார் என்று யோசிச்சுப் பாருங்க. வயிறு நிறைந்தவன் நெல் திருடப் போவதில்லை. பசித்தவனுடைய உடம்பிலேயே அவனுக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வைக்கும் ஏற்பாடு இது.

மருத்துவ நூல்கள் கர்மத்தைவிட்டு வயிற்றுக்கு இறங்கி வருகின்றன. சரகரின் சாரீரஸ்தானத்தில் கர்ப்பிணி செய்யக்கூடாதவை நீளமாக வருகின்றன. மல்லாந்து படுப்பவளின் கருவுக்குக் கழுத்தில் கொடி சுற்றும். சண்டைக்காரியின் பிள்ளைக்கு வலிப்பு வரும். எப்போதும் குடிப்பவளின் பிள்ளைக்கு ஞாபகமும் மனநிலையும் நிலைக்காது. கடைசியாகச் சொன்னதை இன்றைய மருத்துவமும் மறுக்காது. 1968இல் பிரான்சிலும் 1973இல் அமெரிக்காவிலும் மதுவால் கருவுக்கு வரும் கேட்டைத் தனி நோய்க்குறியாகவே மருத்துவர்கள் விவரித்தார்கள். ஆக அந்தப் பட்டியல் முழுக்க உளறல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாயின் பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, தகப்பனின் விந்துக் கோளாறுகளையும் இதைக்கொண்டே புரிந்துகொள்க என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது நூல். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இதுவே மூலபாடம்.

சுசுருதர் கொஞ்சம் வேறு மாதிரி. கர்ப்பிணிக்கு இரண்டு இதயம், அவள் ஆசையில் கருவின் ஆசையும் சேர்ந்திருக்கிறது, அது நிறைவேறாவிட்டால் பிள்ளை கூனாகவோ முடமாகவோ பிறக்கும் என்கிறார். மசக்கைக்காரி கேட்டதை வாங்கிக் கொடு என்கிற நம்மூர் வழக்கத்தில் இதன் சாயல் உண்டு. இங்கே கடமை சுற்றத்தார்மேல் போகிறது. காரணம் தவறாக இருந்தாலும் பொறுப்பு பங்கிடப்படுகிறது. இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோவாஸ் பாரே 1573இல் வெளியிட்ட நூலில் விகாரப் பிறவிகளுக்குப் பதின்மூன்று காரணங்களைச் சொல்கிறார். கடவுளின் மகிமை, கடவுளின் கோபம், விந்து மிகுதல், விந்து குறைதல், தாயின் கற்பனை, கர்ப்பப்பை ஒடுக்கம், தாய் காலை மடக்கி நெடுநேரம் உட்காருதல், வயிற்றில் அடி, பரம்பரை நோய், பேய் என்று போகிறது வரிசை. மரபும் வாழ்முறையும் சாத்தானும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வந்த நவீனம் சாத்தானையும் கடவுளையும் எழுப்பி அனுப்பிவிட்டது. காலை மடக்கி உட்கார்ந்த பெண்ணை மட்டும் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டது.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ரத்தம்’ என்கிற சொல் ஆய்வகத்துக்குள் நுழைகிறது. சார்லஸ் டார்வின் தன் மாமன் மகள் எம்மாவைக் கட்டியவர், அதாவது நம்ம கணக்கில் முறைப்பெண். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதில் இறந்தார்கள். அந்தச் சந்தேகம் அவரைக் கடைசிவரை அரித்தது. 1871 பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க முயன்றார், நாடாளுமன்றம் ஒப்பவில்லை. அவருடைய மகன் ஜார்ஜ் 1875இல் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, கேடு இருந்தாலும் ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை என்கிற இடத்துக்கு வந்தார். 1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீர் கறுக்கும் ஒரு அபூர்வக் கோளாறுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் உறவுத் திருமணம் செய்தவர்கள் மிகுந்திருப்பதைக் கவனித்தார். மெண்டல் விதிகள் மனித நோய் ஒன்றுக்கு முதன்முதலாகப் பொருந்திய இடம் அது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டு சேர்ந்தால்தான் நோய். இந்த இடத்திலேயே ‘உன் பக்கமா, என் பக்கமா’ என்கிற சண்டை அறிவியல்படி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏனென்றால் இன்னொரு பக்கம் டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உண்டாக்கிவிட்டிருந்தார். நல்ல ரத்தம் பெருக வேண்டும், கெட்ட ரத்தம் குறைய வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இத்தகைய சட்டம் செல்லும் என்றது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆறே மாதத்தில், 1933 ஜூலை 14 அன்று, ஜெர்மனியும் சட்டம் இயற்றியது. பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, வலிப்பு, கடுமையான உடல் குறை, ‘மந்தபுத்தி’ என்று ஒரு பட்டியல். மறுபடியும் பட்டியல்! ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1939 ஆகஸ்டில், குறையோடு பிறக்கும் சிசுக்களை மருத்துவச்சிகளும் டாக்டர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தெரிவிக்கப்பட்ட குழந்தைகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்.

இந்த ஏற்பாட்டுக்குப் பாடப்புத்தகம் எழுதியவர்களில் ஒருவர் ஃப்ரிட்ஸ் லென்ஸ். 1921இல் பௌர், ஃபிஷர் இருவருடன் சேர்ந்து மனித மரபியல் நூலை வெளியிட்டார். 1923இல் ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் ‘இன சுகாதாரம்’ என்ற துறைக்குப் பேராசிரியரானார். போர் முடிந்து, நாஜிகள் தோற்று, நியூரம்பர்க் விசாரணைகள் நடந்துகொண்டிருந்தபோது அவர் என்ன ஆனார்? 1946இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியர் ஆனார். பலகையில் பெயர் மாறியது, நாற்காலி மாறவில்லை.

இவரை இங்கே கொண்டுவரக் காரணம் இவர் பெற்ற பிள்ளை.

4

அதற்கு முன்னால் சிட்னியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1941இல் நார்மன் கிரெக் என்கிற கண் மருத்துவரிடம் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் கூட்டமாக வரத் தொடங்கின. அதுவரை பிறவிக் கண்புரை என்றால் பரம்பரை என்று எழுதி மூடிவிடுவார்கள். காத்திருக்கும் அறையில் இரண்டு தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்றும், கர்ப்பத்தின்போது இருவருக்குமே ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது அதில் தெரிந்தது என்றும் சொல்வார்கள். அவர் மற்ற தாய்மாரையும் விசாரித்தார். அவர் அறிவித்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்த நோய் வந்திருந்தது. கருப்பையும் நஞ்சும் கருவைக் கோட்டை மாதிரி காக்கும் என்ற நம்பிக்கை அங்கே விழுந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கண்டுபிடிப்பு நடந்த விதம். தாய் இங்கே குற்றவாளியாக விசாரிக்கப்படவில்லை. சாட்சியாகக் கேட்கப்பட்டாள். ‘நீ என்ன செய்தாய்’ என்பதற்குப் பதிலாக ‘உனக்கு என்ன நடந்தது’ என்ற கேள்வி வந்தது. கேள்வியின் வேற்றுமை உருபு மாறியதும் விடையும் மாறிவிட்டது. நாம் அந்த விடையைப் பயன்படுத்திய லட்சணம் வேறு கதை. ருபெல்லா தடுப்பூசி 1969லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. நம் அரசு தட்டம்மை–ருபெல்லா ஊசி இயக்கத்தைத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது 2017 பிப்ரவரியில். இடையில் 48 வருசம். இடைப்பட்ட காலத்தில் இங்கே கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கிரகணம் பற்றித்தான் கேட்டிருப்போம்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். 1957 அக்டோபர் 1 அன்று க்ரூனெந்தால் கம்பெனி ‘கான்டெர்கன்’ என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்கு விட்டது. உள்ளே இருந்த மருந்து தாலிடோமைட். முற்றிலும் பத்திரமானது, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆகும் என்று விளம்பரம். டாக்டர் சீட்டுகூட வேண்டாம். சந்தைக்கு வருவதற்கு முன்பே, 1956 டிசம்பர் 25 அன்று, அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவருக்குக் காதுகள் இல்லாமல் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மாதிரி மாத்திரையை அவர் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அப்போது யாரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை.

1961இல் ஒரு இளம் வழக்கறிஞருக்குக் கைகள் குறுகிய மகன் பிறந்தான். ஆறு வாரத்துக்கு முன்தான் அவருடைய சகோதரிக்கு அதே போல ஒரு மகள் பிறந்திருந்தாள். ஒரே குடும்பம், இரண்டு குழந்தை, ஒரே குறை. இதைவிடப் பரம்பரைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர் ஹாம்பர்கில் இருந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் போனார். மரபியல் தெரிந்தவர். பெயர் விடுகின்ட் லென்ஸ், ஃப்ரிட்ஸ் லென்ஸின் மகன்.

வீட்டுப் பாடம் கைவசம் இருந்தது. ‘ரத்தம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இதே மாதிரிக் குழந்தைகள் வேறு குடும்பங்களிலும் திடீரென்று பிறப்பதைக் கவனித்தார். மரபணு ஒரு நாட்டில் ஒரே சமயத்தில் தொற்றுநோய் மாதிரி பரவாது. வீடு வீடாகப் போனார், தாய்மாரை உட்கார்ந்து கேட்டார். சாப்பிட்டது, குடித்தது, பூசியது, முழுங்கியது எல்லாவற்றையும் கேட்டார். தூக்க மாத்திரையை யாரும் மருந்து என்றே நினைக்கவில்லை. அதனால் முதல் தடவையில் பலர் அதைச் சொல்லவில்லை. திரும்பக் கேட்டபோது சொன்னார்கள். நவம்பர் 15 அன்று கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று நாள் கழித்து டூசல்டார்ஃப் நகரில் மருத்துவர் கூட்டத்தில் பேசினார். 26ஆம் தேதி ஞாயிறு நாளிதழில் செய்தி வந்த பிறகுதான் கம்பெனி மருந்தைத் திரும்பப் பெற்றது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைட் என்ற மருத்துவரும் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள். கரு உண்டான இருபதாம் நாளுக்கும் முப்பத்தாறாம் நாளுக்கும் இடையில் ஒரே ஒரு மாத்திரை போதுமாக இருந்தது. அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. அமெரிக்கா பெருமளவு தப்பியது. அங்கே மருந்து அனுமதிப் பிரிவில் இருந்த ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, நரம்பு பாதிப்பு பற்றிய தகவல் போதவில்லை என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கிழக்கு ஜெர்மனி அனுமதிக்கவே இல்லை. ஆபத்து எங்கே இருந்தது என்பதற்கு நாடுகளின் இந்த எல்லைக்கோடே சாட்சி. பெண்களின் பழக்கவழக்கம் ஒரு எல்லைக்கோட்டில் திடீரென்று மாறிவிடாது.

5

பிறகு வழக்கு. 1968 மே மாதம் தொடங்கி 1970 டிசம்பர் 18 வரை நடந்தது. கருவுக்கு சட்டத்தில் ஆள் என்ற நிலை இல்லை, ஆகவே அதற்குக் காயம் விளைவித்தல் குற்றமாகாது என்ற வாதமெல்லாம் வந்தது. கரு பாதிக்கப்படும்போது அது ஆள் இல்லை. ஆனால் பெண் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் மட்டும் அது முழு ஆள்! விடுகின்ட் லென்ஸ் பாரபட்சமானவர் என்று சொல்லி நிபுணர் சாட்சி நிலையிலிருந்து விலக்கப்பட்டார். தாய்மார் சொன்னதை நம்பியவர் பாரபட்சமானவர் ஆகிவிட்டார். கடைசியில் 10 கோடி மார்க் இழப்பீட்டோடு, தீர்ப்பே இல்லாமல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நியூரம்பர்கில் தண்டனை பெற்ற ஐ.ஜி. ஃபார்பன் வேதியியலாளர் ஓட்டோ அம்ப்ரோஸ் பிற்பாடு இந்தக் கம்பெனியின் மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கம்பெனி முதன்முறையாக மன்னிப்பு என்ற சொல்லை வெளிப்படையாகச் சொன்னது 2012 ஆகஸ்ட் 31 அன்று. ஒரு சிலையைத் திறந்துவைத்துச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்கள் அல்லது நெருங்கியிருந்தார்கள். பலர் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை.

மருந்து சாகவில்லை. 1965இல் ஜெருசலேமில் தொழுநோயாளிகளுக்கு வரும் கடும் எதிர்வினைக்கு அது நல்ல பலன் தருவது தெரிந்தது. இன்றும் ஒருவகை ரத்தப் புற்றுக்குப் பயன்படுகிறது. தொழுநோய் மிகுந்த பிரேசிலில் அதைப் பயன்படுத்தியபோது குறுகிய கைகளோடு குழந்தைகள் மறுபடியும் பிறந்தார்கள். எச்சரிக்கையாக அட்டையில் கர்ப்பிணி உருவத்தின்மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள். எழுத்தறியாத பெண்கள் சிலர் அதைக் கர்ப்பம் தடுக்கும் மாத்திரை என்று வாசித்தார்கள். குறியைத் தவறாக வாசித்ததாக அவர்களைச் சொல்வதா, யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் குறி வரைந்தவர்களைச் சொல்வதா? பிரதி, வாசகர் என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக விவாதிக்கிறோமே, அந்த விவாதம் சில சமயம் ஒரு குழந்தையின் கைகளாக முடிகிறது.

6

இன்றைக்கு ‘வாழ்முறை’ என்ற சொல் வந்துவிட்டது. கர்ப்பிணிக்கான அறிவுரைத் தாள்களில் இரண்டு தலைப்பு இருக்கும்: மரபுக் காரணங்கள், வாழ்முறைக் காரணங்கள். புகை, மது, எடை, உணவு, மாத்திரை. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வாழ்முறை என்றால் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்று அர்த்தம். செங்கல் சூளையில், பூச்சிமருந்து அடித்த வயலில் எட்டு மாதம்வரை குனிந்து நிமிர்கிறவளுக்கு அது வாழ்முறையா, பிழைப்பா? காசர்கோடு முந்திரிக் காடுகளின்மேல் இருபது வருசத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் தரச் சொன்னது. வானத்திலிருந்து விழுந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது?

என் தங்கையிடம் நர்ஸ் கேட்ட மாத்திரைக்கே வருகிறேன். ஃபோலிக் அமிலம். இதன் வரலாறு பம்பாயில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், கர்ப்பிணிகளாக இருந்த பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்கு வரும் கொடிய ரத்தசோகையை ஆராய வந்தார். வசதியான பெண்களுக்கு அது அரிதாகவே வந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் தீர்ந்தது. 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்து பிற்பாடு கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயர் பெற்றது. 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் 1,817 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. ஒருமுறை முதுகெலும்பு மூடாத குழந்தை பிறந்தவர்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் அது திரும்ப வருவதை இந்தச் சத்து நூற்றுக்கு 72 அளவுக்குத் தடுத்தது.

சரி, எப்போது சாப்பிட வேண்டும்? கருவின் நரம்புக் குழல் 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், ‘நாள் தள்ளிருச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லுகிற நேரத்தில் விஷயம் அநேகமாக முடிந்துவிட்டது. ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சத்து உடம்பில் இருக்க வேண்டும். இதனால்தான் அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே அதைக் கலக்கக் கட்டாயப்படுத்தியது. யாரும் யாரிடமும் ‘முழுங்கினியா’ என்று கேட்க வேண்டியதில்லை. என் தங்கைக்கு அட்டையோடு மாத்திரை கொடுத்தது மூன்றாம் மாத முடிவில். எல்லாவற்றையும் முழுங்கினாள். எண்ணி முழுங்கினாள். நர்ஸ் கேட்ட நாளிலிருந்து, எங்கேயோ ஒருநாள் விட்டுப்போயிருக்குமோ என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த மாத்திரை ரத்தத்துக்கு நல்லது. குழந்தையின் முதுகைப் பொறுத்தவரை அவள் வாங்கும்போதே அது இரண்டு மாதம் பழைய செய்தி. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

7

‘சொந்தத்துல கட்டினதா?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கை ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாகப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர்கள். மாமன் மகள், அத்தை மகனுக்குப் பதினாறில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இன்றும் நாலில் ஒரு கல்யாணம் ஏதோ ஒரு சொந்தத்தில் நடக்கிறது. எவ்வளவு ஆபத்து? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வு, உறவுத் திருமணம் பிறவிக் குறையின் வாய்ப்பை நூற்றுக்கு 3இலிருந்து 6ஆக்குகிறது என்றது. இரண்டு மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. வெள்ளைக்காரத் தாய்மாரில் 34 வயதைத் தாண்டிப் பெறுகிறவர்களுக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. முதலாவதை ஊர் பேசுகிறது. இரண்டாவதை அடக்கி வாசிக்கிறது. பாகிஸ்தானியக் குடும்பத்தின் பழக்கம் ‘கலாச்சாரக் கேடு’. வெள்ளைக்காரக் குடும்பத்தின் பழக்கம் தனிமனித முடிவு.

சொந்தத் திருமணத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பதினாறு வயதுப் பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பது மரபணுவுக்கு முன்னால் அவளுக்குச் செய்யும் கேடு. ஆனால் கேள்வி ஏன் சொந்தத்தோடு நின்றுபோகிறது? சொந்தத்தில் கட்டாதவர்கள் வேறு எங்கே கட்டுகிறார்கள்? சாதிக்குள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் சாரமே அகமணம் என்றார். 1936இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது, சாதியை இனமேம்பாட்டு அறிவியலாகக் காட்டி நியாயப்படுத்தியவர்களுக்கும் பதில் சொன்னார். அவருக்குப் பிறகு மரபியலே அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஹைதராபாத்தின் தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து கிளைத்து, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணந்திருக்கின்றன. மரபு நோய்க்குப் பேர்போன ஐரோப்பிய யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும்விட இந்த அடைப்பு இறுக்கமானது. ஆந்திர வைசியர்களில் சிலருக்கு ஒருவகை மயக்க மருந்து கொடுத்தால் தசைகள் நெடுநேரம் செயலற்றுப்போவதை மயக்க மருத்துவர்கள் அறிவார்கள். அதுவும் இப்படி வந்ததே.

ஆகவே ‘சொந்தத்துல கட்டினதா’ என்று கேட்கும் டாக்டர், ‘சாதிக்குள்ள கட்டினதா’ என்றும் கேட்டாக வேண்டும். அவர் கேட்க மாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது ஒரு பெண் அல்ல, ஒரு சமூகம். கேட்கிறவரும் அதில் உட்பட்டவர்.

8

தாலிடோமைட் எப்படி வேலை செய்கிறது என்பது ஐம்பது வருசம் தெரியாமலிருந்தது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அது ஒட்டிக்கொள்ளும் புரதத்தைக் கண்டார்கள். 2018இல், அந்த ஒட்டுதலால் எஸ்ஏஎல்எல்4 என்ற இன்னொரு புரதம் அழிக்கப்படுகிறது என்பது தெரிந்தது. இதில் விசித்திரம், அதே எஸ்ஏஎல்எல்4 மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தாலும் கைகள் ஏறக்குறைய அப்படியே குறுகுகின்றன. தாலிடோமைட் குழந்தை என்று எழுதப்பட்டிருந்த சிலருக்கு இருந்தது உண்மையில் அந்த மரபணுப் பிழை என்று பிறகு தெரியவந்தது. அப்பன் லென்ஸ் சொன்ன ரத்தமும் மகன் லென்ஸ் கண்ட மாத்திரையும் ஒரே புரதத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. மரபா, வாழ்முறையா என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. கடைக்குப் போய், ஆலைக்குப் போய், கோப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறவிக் குறைகளில் பாதியளவுக்கு அப்படிப் பார்த்தும் காரணம் சொல்ல முடிவதில்லை. கடுங்குறையோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது ஏழை, நடுத்தர நாடுகளில் பிறக்கின்றன என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் விட்டுவிடக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் குழந்தைகளை நான் ஒரு குற்றத்தின் தடயமாகவே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். கம்பெனியைக் கூண்டில் ஏற்ற நமக்கு அவர்களுடைய கைகள் வேண்டியிருக்கின்றன. தாலிடோமைட் உடம்போடு வளர்ந்து, சங்கம் வைத்து, இழப்பீட்டுக்குப் போராடியவர்கள், எங்கள் உடம்பை உங்கள் அச்சுறுத்தும் படமாக ஆக்காதீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். தடுக்க வேண்டியதைத் தடுப்பது ஒன்று. பிறந்துவிட்டவரைத் தடுக்கத் தவறிய பிழையாகப் பார்ப்பது வேறொன்று. இரண்டாவதை அனுமதித்தால் 1933இன் பட்டியல் வேறு எழுத்துருவில் திரும்ப அச்சாகும்.

தங்கை மகளுக்கு இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது. இடது கால் கொஞ்சம் இழுக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம், “மாசமா இருக்கும்போது நீ என்ன பண்ணுன?” என்று ஆரம்பித்தாள். தங்கை பதில் சொல்வதற்குள் அவள் புருசன், அன்றைக்குக் கையெழுத்து மட்டும் போட்டவன், குறுக்கே வந்து சொன்னான்: “என்னையும் கேளுங்கத்தே. நானுந்தான் அப்பன்.”

அந்த அம்மாளுக்கு அவனிடம் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை.